பலகை தொங்கிய கதவு

அத்தியாயம் 11

டோரிஸ் கதவைச் சாத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மறுபடி திறந்தாள். மறுபடி சாத்தினாள்.

சத்தம் இல்லை. எப்படி இருக்கும்? பலகை இப்போது மாடியில் லோரே வீட்டுக் கதவில் அல்லவா தொங்குகிறது!

"என்னம்மா, விடியறதுக்கு முன்னாடியே கதவோட சண்டையா?" உள்ளேயிருந்து மகள் ஸ்வென்யா கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. நீ தூங்கு."

ஒன்றுமில்லையாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் ஜன்னலுக்குப் போகத் தோன்றுகிறது. ஜன்னலுக்குப் போனாலோ கண் நேராக வாசல் நடைபாதையில், ராய்ஷ் ஐயா விழுந்த அந்த இடத்தில் போய் நிற்கிறது.

எல்லாம் அந்தப் பலகையால் வந்தது. ஒரு கை நீளம்கூட இருக்காது. 'இந்த வாரம் உங்கள் முறை' என்று பச்சை எழுத்து, மேலே ஒரு கயிறு. சனிக்கிழமை கூட்டிப் பெருக்கி முடித்த குடும்பம் அதை அடுத்த வீட்டுக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட வேண்டும். மாட்டிய நொடியிலிருந்து படிக்கட்டு, முற்றம், வாசல் நடைபாதை, நடைபாதையில் விழும் பனி, அந்தப் பனியில் விழும் மனிதர்கள், எல்லாம் அடுத்த வீட்டுக்காரர் பொறுப்பு. ஊராக் நகரசபைக்கு ஆயிரம் விதிகள் இருக்கலாம். வாடகை ஒப்பந்தத்திலும் ஏதோ எழுதியிருக்கலாம். இந்த வீட்டில் பலகை யார் கதவிலோ, அவர் முறை. இத்தனை வருடத்தில் யாரும் அதை மீறிப் பேசியதில்லை.

போன சனிக்கிழமை டோரிஸின் ஷ்வெங்க் குடும்பத்தின் வாரம் முடிந்தது. டோரிஸ்தான் கூட்டினாள். "பலகையை லோரே கதவுல மாட்டிடு" என்று கணவன் ஃப்ரீடரிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். ராத்திரி பனி கொட்டியது, அதன்மேல் மழை தூறி இறுகிப்போனது. ஞாயிறு காலை ப்ரெட்ஸெல் ரொட்டி வாங்கக் கிளம்பிய பக்கத்து வீட்டு ராய்ஷ் ஐயா அந்தக் கண்ணாடித் தரையில் சறுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

வேலை முடிந்து டோரிஸ் திரும்பியபோது ஆம்புலன்ஸ் போயிருந்தது. பலகை லோரேயின் கதவில் இருந்தது.

"சனிக்கிழமை சாயங்காலமே மாட்டிட்டேன்" என்றான் ஃப்ரீடர்.

லோரே பிட்ஸரும் அதை நம்பினாள். அன்று தேவாலயப் பாட்டுக்குழுப் பயிற்சி முடிந்து தாமதமாக வந்தாளாம். தானாக அணையும் படிக்கட்டு விளக்கு பாதியிலேயே அணைந்துவிட்டதாம். இருட்டில் பலகையைக் கவனிக்கவில்லையாம். "என் கண்ணு அவிஞ்சு போச்சே" என்று ஞாயிறு மதியத்திலிருந்து அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

டோரிஸுக்கு மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. பலகை தன் கதவில் இருக்கும் வாரங்களில், கதவைச் சாத்தும்போது அது மரத்தில் 'டக்'கென்று அடிக்கும். ஞாயிறு விடியலில் ரொட்டிக் கடை வேலைக்குக் கிளம்பியபோது விளக்குகூடப் போடாமல் கதவைச் சாத்தினாளே, அப்போது அந்த 'டக்' கேட்டதா இல்லையா?

கேட்டது போலவும் இருந்தது. கேட்காதது போலவும் இருந்தது.

படியிறங்கி வெளியே வந்தாள். நடைபாதை சுத்தமாக இருந்தது. இந்த நான்கு நாளாக லோரே பொழுது விடியுமுன்பே எழுந்து, விழாத பனியைக்கூடச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். அப்படியிருந்தும் டோரிஸ் வாசலோரப் பெட்டியைத் திறந்து வழுக்காமலிருக்க இரண்டு கை சரளையை அள்ளி வீசினாள். ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்திருக்கலாம். அன்றைக்கு அவளே வாசற்படியில் சறுக்கி, கம்பியைப் பிடித்துத் தப்பித்தவள். பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 'லோரே எழுந்து பார்த்துக்கொள்வாள்' என்று நினைத்தபடி பேருந்துக்கு ஓடிவிட்டாள்.

அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

*

ரொட்டிக் கடையில் அன்று வியாபாரத்தைவிட வாய்தான் அதிகம் நடந்தது.

"உங்க மாடி வீட்டம்மாவாமே?" என்றாள் ரோமத் தொப்பி போட்ட ஒருத்தி. "வாசலைச் சுத்தம் பண்ணாம இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினாளாமே? கோயில்ல முன் வரிசையில நின்னு பாடறதுக்கு மட்டும் குறைச்சல் இல்லை!"

"உங்களுக்கு எத்தனை ரொட்டி?" என்றாள் டோரிஸ்.

"நான் எதுக்குச் சொல்றேன்னா..."

"எதுக்குமே சொல்ல வேண்டாம். வெள்ளையா, கறுப்பா?"

தொப்பிக்காரி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். டோரிஸ் ஏற்கெனவே வெண்ணெய் தடவிய ப்ரெட்ஸெல்லை இன்னொரு முறை தடவினாள். ஞாயிற்றுக்கிழமை ராய்ஷ் ஐயாவுக்கென்று எடுத்து வைத்த இரண்டும் மதியம்வரை பையிலேயே கிடந்தன. அவர் ஏன் வரவில்லை என்று அவள் வேறு செல்லமாகக் கோபித்துக்கொண்டாள்.

பதினொரு மணி வாக்கில் ஸ்வென்யா உள்ளே வந்தாள். சந்தைத் திடலுக்கு எதிரே ஒரு வக்கீலின் அலுவலகத்தில் வேலை. வழக்கமாக வந்ததும் பலகாரக் கண்ணாடிப் பெட்டிக்குள் தலையை விடுவாள். இன்று விடவில்லை.

"அம்மா, இதை நான் சொல்லக் கூடாது. சொன்னது தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"அப்போ சொல்லாதே."

"சொல்லாம இருக்க முடியலை. நேத்து சாயங்காலம் லோரே அத்தை எங்க ஆபீசுக்கு வந்தாங்க."

டோரிஸ் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"வக்கீல், 'முறை எழுதின தாள் ஏதாவது இருக்கா'ன்னு கேட்டார். பலகைதான்னாங்க. 'சரி, பலகை எப்போ உங்க கதவுக்கு வந்ததுன்னு யாராவது பார்த்தாங்களா'ன்னு கேட்டார். 'பார்க்காதது என் தப்புதானே'ன்னு சொல்லிட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க. லோரே அத்தை அழுது நான் பார்த்ததே இல்லைம்மா. மாமா செத்தப்பகூட அழலை!"

"அப்புறம்?"

"ராய்ஷ் ஐயாவோட இன்சூரன்ஸ் ஆள் நாளைக்குக் காலையில வர்றாராம். என் முறை, என் தப்புன்னு சொல்லப் போறாங்களாம். பாட்டுக்குழுவுக்கும் இனிமே வரலைன்னு சொல்லியாச்சாம். 'ஒரு மனுஷனை முடமாக்கிட்டு நான் எந்த வாயால பாடறது'ங்கறாங்க."

"அவ சொன்னதுக்கப்புறம், அது அவ முறை இல்லைன்னு ஆயிட்டா?"

"ஏன் கேக்கறே?"

"சும்மா கேட்டேன்."

ஸ்வென்யா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "ஒருத்தர் தானா வந்து என் தப்புன்னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் யார் தோண்டிப் பார்க்கப் போறாங்க? அம்மா, ஏதாவது இருந்தா நாளைக்கு முன்னாடி சொல்லணும்."

"எனக்கு என்னடி தெரியும்?" என்று எரிந்து விழுந்தாள் டோரிஸ். விழுந்ததுமே வருத்தமாக இருந்தது. மகள் வெறுங்கையோடு போய்விட்டாள்.

டோரிஸுக்கு லோரே வெறும் மாடி வீட்டுக்காரி இல்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் இருவரும் படிக்கட்டில் பார்த்தால் தலையசைத்து, "நீங்க", "வாங்க" என்று ஆறு வருடம் ஓட்டினார்கள். ஸ்வென்யா பிறந்து வீட்டுக்கு வந்த அன்று லோரே ஒரு பாட்டில் ஒயினோடு இறங்கி வந்து, "இனிமே 'நீங்க'வெல்லாம் வேண்டாம். நான் லோரே, நீ டோரிஸ்" என்றாள். இந்த ஊரில் 'நீ' லேசில் வராது. வந்துவிட்டால் சாகும்வரை போகாது. அக்காள் தங்கை இல்லாத டோரிஸுக்கு அன்றிலிருந்து ஒருத்தி இருந்தாள்.

*

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு ப்ரெட்ஸெல், வெண்ணெய் தாராளமாக.

ராய்ஷ் ஐயா தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். கட்டைப் பிரம்மச்சாரி. டோரிஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா, வாங்க! ஞாயித்துக்கிழமை பாக்கி வந்துடுச்சா? வாழ்நாள் பூரா பனியில நடந்து அடுத்தவன் கடுதாசியைச் சுமந்தேன், ஒரு தடவை விழலை. என் சொந்த வயித்துக்கு ரொட்டி வாங்கப் போனேன், விழுந்தேன்!"

டோரிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "ரொம்ப வலிக்குதா ஐயா?"

"வலியை விடுங்க. இந்த ஆஸ்பத்திரிக் காப்பிதான் தாங்கலை." ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "லோரே தினமும் வந்து அழுதுட்டுப் போறா. நேத்து இனிப்புப் பின்னல் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தா. 'அட விடும்மா, பனி பெஞ்சது உன் தப்பா'ன்னு கேட்டேன். கேக்கறாளா? இன்சூரன்ஸ் கம்பெனிதான் துருவித் துருவிக் கேக்குது. எனக்கு யார் மேலயும் வழக்கும் இல்லை, வம்பும் இல்லை."

"ஐயா, நீங்க விழுந்தப்போ..." டோரிஸ் அவர் போர்வையின் நுனியை இழுத்துவிட்டாள். "ரொம்ப நேரம் கிடந்தீங்களா?"

"ரொம்ப நேரமெல்லாம் இல்லை. சத்தம் போட்டேன். உடனே உங்க வாசல் கதவுக் கண்ணாடியில வெளிச்சம் தெரிஞ்சுது. அப்பாடா, யாரோ வர்றாங்கன்னு உயிர் வந்துச்சு. செருப்புச் சத்தம் கேட்டுது. ஆனா மேலே போச்சு."

"மேலேயா?"

"மாடிக்கு. அப்புறம் டக்குனு ஒரு மரச்சத்தம். அதுக்குள்ள விளக்கு அணைஞ்சுபோச்சு. உங்க வீட்டு முதலாளி சரியான கஞ்சன், படிக்கட்டுல இத்தனை சீக்கிரம் அணையற விளக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை! மறுபடி வெளிச்சம் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் உங்க ஃப்ரீடர் கதவைத் திறந்துக்கிட்டு ஓடி வந்தார். பாவம், தன்னோட கோட்டைக் கழட்டி என் மேல போத்திவிட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு பனியிலயே உட்கார்ந்திருந்தார். முதல்ல மாடிக்கு எதுக்குப் போனார், லோரேயை எழுப்பவா?"

டோரிஸ் வாயைத் திறந்தாள். லோரே சொன்னது ஞாபகம் வந்தது: யாரும் என்னை எழுப்பலையே, ஆம்புலன்ஸ் சத்தத்துலதானே நான் எழுந்தேன்.

"ஆமா ஐயா" என்றாள். "லோரேயை எழுப்பத்தான்."

பொய் சொல்லி முடித்ததும் அந்த அறையில் உட்கார முடியவில்லை. மேலங்கியின் பொத்தான்களைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அதுக்குள்ளயா?" என்றார் ராய்ஷ் ஐயா. "பார்த்துப் போங்கம்மா, வாசல்ல வழுக்கும்."

*

பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். ஃப்ரீடர்! கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஈயைக்கூட ஜன்னலைத் திறந்து வெளியே விடுகிறவன். ஒரு மனிதன் வாசலில் கிடந்து கத்தும்போது, பலகையைக் கழற்றிக்கொண்டு மாடிக்கு ஓடியிருக்கிறான். அப்புறம் வந்து கையையும் பிடித்துக்கொண்டிருக்கிறான். எந்த ஃப்ரீடரைக் கோபித்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. படிக்கட்டு விளக்கின் பொத்தானை அமுக்கினாள். தன் கதவைத் தாண்டி நேராக மாடிக்கு ஏறினாள். லோரே வீட்டுக் கைப்பிடியிலிருந்து பலகையைக் கழற்றும்போது அது கதவில் ஒரு முறை அடித்தது. டக்.

கீழே கதவு திறந்தது. முதல் ஷிஃப்ட் முடித்து வந்திருந்த ஃப்ரீடர், உருளைக்கிழங்கு சீவும் கத்தியோடு எட்டிப் பார்த்தான்.

"டோரிஸ்? அங்க என்ன பண்றே?"

"பலகையை எடுக்கறேன். நம்ம கதவுல மாட்டப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? சனிக்கிழமை வரைக்கும் அவ முறை."

"நீ இதை எப்போ மாட்டினே?"

"சனிக்கிழமை சாயங்காலம். எத்தனை தடவைதான்..."

"ராய்ஷ் ஐயா கண்ணாடி வழியா வெளிச்சத்தைப் பார்த்திருக்கார், ஃப்ரீடர். செருப்புச் சத்தம் மேல போனதைக் கேட்டிருக்கார்."

அவன் பாதிப் படிவரை ஏறி வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"மெதுவாப் பேசு."

"ஏன் மெதுவாப் பேசணும்?"

"மறந்துட்டேன், டோரிஸ். சனிக்கிழமை மறந்துட்டேன். அவ்வளவுதான் என் தப்பு. நாமதான் கூட்டி முடிச்சாச்சே! முறைப்படி பார்த்தா அது அவ வாரம்தானே? பலகை மட்டும் கொஞ்சம் லேட்டாப் போச்சு."

"முறையைப் பத்தி நீ பேசாதே. பலகை போகலைன்னா முறையும் போகலைன்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே ஓடினே? ஒரு வயசானவர் பனியில கிடந்து கத்தறார், நீ பலகையைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறியிருக்கே. இது முறையா?"

"கால் தானா ஓடிச்சு" என்றான் ஃப்ரீடர். "யோசிக்கவே இல்லை. அவருக்குத் தலையில அடிபடலைன்னு ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான்... இங்க பாரு, லோரேக்கு ஒண்ணும் ஆகாது. தன்னால அடுத்தவங்களுக்கு அடிபட்டா பணம் கட்டற பொறுப்பு இன்சூரன்ஸ் அவகிட்ட இருக்கு. அவங்க கட்டிடுவாங்க. அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை."

"நஷ்டம் இல்லையா? அவ தூங்கலை. பாட்டுக்குப் போகலை. கடைக்கு வர்றவ ஒவ்வொருத்தியும் அவ பேரை மென்னு துப்பறா. நாளைக்கு அந்த ஆள் முன்னாடி உட்கார்ந்து செய்யாத தப்பை ஒத்துக்கப் போறா. நாம கீழ உட்கார்ந்து கிழங்கு சீவணுமா?"

ஃப்ரீடர் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுவும் எதுக்கு?" டோரிஸுக்கு அப்போதுதான் அது உறைத்தது. "இன்சூரன்ஸ்தான் நமக்கும் இருக்கே! நம்ம முறை, மறந்துட்டோம்னு சொல்லியிருந்தா அவங்க கட்டியிருப்பாங்க. நீ எதுக்குப் பயந்தே?"

படிக்கட்டு விளக்கு அணைந்தது.

யாரும் பொத்தானைத் தேடவில்லை. இருட்டில் ஃப்ரீடரின் மூச்சு மட்டும் கேட்டது.

"இல்லை" என்றான்.

"என்ன இல்லை?"

"நமக்கு இன்சூரன்ஸ் இல்லை. செப்டம்பர்லயே நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டியா? என்னைக் கேக்காமலா? ஏன்?"

டோரிஸின் முதுகுக்குப் பின்னால் லோரே வீட்டுத் தாழ்ப்பாள் விலகியது.

"விளக்கைப் போடுங்க, திருமதி ஷ்வெங்க். படி தெரியாம விழுந்துடப் போறீங்க."

போடுங்க. போறீங்க. டோரிஸ் அப்படியே நின்றுவிட்டாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஸ்வென்யாவின் வயது எவ்வளவோ அவ்வளவு வருடத்து 'நீ'யை, லோரே ஒரே மூச்சில் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டாள்.

சுவரைத் தடவிப் பொத்தானை அமுக்கினாள். லோரே வாசலில் சமையல் ஏப்ரனோடு நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. இப்போது அவற்றில் ஈரம் இல்லை.

"லோரே, நான் இதை எடுத்துக்கிட்டுப் போய் எங்க..."

"பலகையைக் கொடுங்க."

"இது உன் முறை இல்லை லோரே. ஞாயித்துக்கிழமை எங்க முறை. எங்க தப்பு."

"ஞாயித்துக்கிழமை உங்களோடது. இன்னிக்கு என்னோடது. சனிக்கிழமை கூட்டி முடிச்சிட்டு மேல் வீட்டுக்கு மாட்டறேன். நான் எப்பவுமே சாயங்காலத்துக்குள்ள மாட்டிடுவேன்." லோரே கையை நீட்டினாள். டோரிஸ் கொடுத்தாள். லோரேயின் பார்வை படிக்கட்டில் நின்ற ஃப்ரீடரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. "நாளைக்குக் காலையில இன்சூரன்ஸ் ஆள் வர்றார். நீங்க ரெண்டு பேரும் மேல வாங்க. யார் எதை எப்போ மாட்டினாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க வாயால நீங்க சொல்லணும். வரலைன்னா, என் முறைதான்னு சொல்லிட்டு நான் பேசாம இருந்துடறேன். அப்புறம் தினமும் இந்தப் படியில என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு ஏறி இறங்குங்க."

கயிற்றைக் கைப்பிடியில் மாட்டினாள். கதவைச் சாத்தினாள்.

டக்.

டோரிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிறு விடியலில் அவள் கதவைச் சாத்தியபோது கேட்டதும் இதே சத்தம்தான். இனி அதில் சந்தேகம் இல்லை. அதைக் கேட்டுவிட்டுத்தான், லோரே பார்த்துக்கொள்வாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சரளைப் பெட்டியைத் தொடாமல் அவள் பேருந்துக்கு ஓடியிருக்கிறாள்.